பி.காமுக்கு ஒரு பரஸ்தானம்

“சரி.”

அந்த ஒற்றைச் சொல்லோடுதான் போன வாரம் பூலோகத்தை விட்டுவிட்டு வந்தோம். சொல் ஒன்றுதான். ஆனால் அதை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பட்ட பாடு, விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

பூலோகம், தாராவி மெயின் ரோட்டில் பலசரக்குக் கடைக்காரர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். குரல் மட்டும்தான் பெரிசு, ஆள் சாது. மனைவி பேராச்சி. ஒரே மகள் சண்முகவடிவு, எஸ்.எஸ்.சி.யில் முதல் வகுப்பு. மாட்டுங்காவில் ஒரு காமர்ஸ் காலேஜ். அங்கே இந்த 1963-ஆம் வருஷம் பி.காம். படிப்பில் ‘பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ்’ என்று புதிதாக ஒரு பிரிவு ஆரம்பிக்கிறார்கள். சேர்ந்தால் அதில்தான் சேருவேன் என்று வடிவு ஒற்றைக் காலில் நின்றாள்.

“பையனுவ நூறு பேருக்கு நடுவுல பொட்டப்பிள்ளையா?” என்று பூலோகம் கத்தினார். கத்திக் கத்தி அவருக்கே அலுத்துப் போனது. கடைசியில் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, வாயில் ரசம் சோற்றோடு, “சரி” என்றார்.

அந்தச் சரிக்குப் பிறகு வீட்டில் சிரிப்புதான். வடிவு காலேஜ் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னென்ன பாடம் என்று படித்துக் காட்டுவாள். புக் கீப்பிங், பேங்கிங், கம்பெனிச் சட்டம், இன்ஷூரன்ஸ், பப்ளிக் ஃபைனான்ஸ்.

“அது என்னட்டி பப்ளிக் ஃபைனான்ஸு?” என்பார் பூலோகம்.

“சர்க்கார் வீட்டு வரவு செலவுப்பா.”

“அதையும் நீதான் போய்ப் பாக்கணுமாக்கும்!”

சொல்லிவிட்டு, கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், “எம் மவ சர்க்கார் கணக்குப் பாக்கப் போறா, தெரியும்லா?” என்று அளப்பார். மனுஷன் அப்படித்தான்.

ஆச்சு. காலேஜிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி.

பேராச்சி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வெள்ளிக்கிழமை பதினோரு மணின்னா ராகு காலம்லா! பத்தரைக்குப் பிடிச்சா பன்னெண்டு வரைக்கும் ராகு. எந்தப் பாவி இந்த நேரத்தைக் குறிச்சான்?”

“பிரின்சிபாலு குறிச்சாரும்மா,” என்றாள் வடிவு.

“அந்த ஆளு வீட்டுல காலண்டர் கிடையாதா?”

பேராச்சியின் சமாச்சாரம் இதுதான். பம்பாய் வந்து இருபது வருஷம் ஆனாலும் ராகு காலத்தில் கோலி வாசலை அவள் தாண்டியதே கிடையாது. கோலி என்றால் பம்பாய்க்காரர்களுக்குத் தெரியும், ஒற்றை அறை வீடு. ஒரு தடவை பக்கத்தில் நெருப்புப் பிடித்தபோதுகூட வாசல்படியில் நின்றுதான் தண்ணீர் ஊற்றினாள் என்று பூலோகம் கேலி செய்வார். அது அவர் கட்டிவிட்டது என்று பேராச்சி சொல்வாள்.

அழுது பயனில்லை. வழி உண்டு. நல்ல நேரத்தில் புறப்பட முடியாவிட்டால், போகிறவருக்குச் சொந்தமான ஒரு பொருளை நல்ல நேரத்தில் முன்னால் அனுப்பி, வழியில் உள்ள ஒரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பொருள் புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரிக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போய், அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். அதுதான் பரஸ்தானம். ஒரே ஒரு நிபந்தனை, போய்ச் சேருகிற வரைக்கும் முடிச்சை அவிழ்க்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். பேராச்சி ஒரு வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்துக் காய வைத்திருந்தாள். அதில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்து, வடிவின் தாவணி ஒன்றையும் மடித்து வைக்கப் போனாள்.

பூலோகம் அங்கேதான் வாயைக் கொடுத்தார்.

“ஏ பேராச்சி, காலேஜில சேரப் போறது தாவணியா, மார்க் ஷீட்டா?”

“ரெண்டுமில்ல. என் மவ.”

“உம் மவளை யாரு கேக்கா? அங்க மார்க் ஷீட்டைத்தான் கேப்பாக. அதை முதல்ல அனுப்பு. மத்ததெல்லாம் தன்னால பின்னால வரும்.”

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் பேராச்சி யோசித்தாள். சரியாகத்தானே சொல்கிறார்? தாவணியை எடுத்துவிட்டு, மார்க் ஷீட்டு, ஸ்கூல் சர்டிபிகேட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு முடிச்சுக்குள் வைத்துக் கட்டினாள். தாராவியிலேயே லேபர் கேம்ப்பில் இருக்கிற பார்வதியம்மாள் வீட்டுக்குக் கொண்டு போய் வைத்துவிட்டு, பத்தரைக்கு முன்னாலேயே திரும்பியும் வந்துவிட்டாள்.

ஏன் பார்வதியம்மாள் வீடு? ராசியான வீடு. அந்த வீட்டில் பரஸ்தானம் வைத்துப் போன எந்தக் காரியமும் தவறினதில்லை என்று தாராவி முழுக்கப் பேச்சு.

கவனிக்க வேண்டிய இடம் இது. தாராவி முழுக்கப் பேச்சு என்றேன் அல்லவா?

*

“நீயும் வாம்மா,” என்று கெஞ்சினாள் வடிவு.

“மூணு பேரா போகக் கூடாது. அப்பாவும் நீயும் போங்க. நான் இங்க இருந்து கும்பிட்டுக்கிடுதேன்.”

வெளியே ஜூன் மாத மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் ஒரே குடையில் லேபர் கேம்ப்புக்குப் போனார்கள். பார்வதியம்மாள் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றாள். இடத்தை விட்டால் குழாய் போய்விடும். அங்கிருந்தே கையை ஆட்டினாள்.

“அரிசி டிரம்மு மேல இருக்கு தம்பி! எடுத்துக்கிடுங்க!”

டிரம் மேல் மஞ்சள் முடிச்சு ஒன்று இருந்தது. பூலோகம் எடுத்தார்.

“என்னட்டி, இவ்வளவு கனம்?”

“அம்மா தேங்காய் ரெண்டா வச்சிருப்பா.”

“உங்கம்மாவுக்குத் தேங்காய்னா கடைத் தேங்காய்தானே, சும்மா வருதுல்லா,” என்று முனகிக்கொண்டே முடிச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

காலேஜ் வராண்டாவில் பையன்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். எல்லோரும் தலையில் எண்ணெய் தடவி, இஸ்திரி போட்ட சட்டையில். வடிவு அவர்களைப் பார்க்கவில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த பாடத் திட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனப்பாடமாக வைத்திருந்த வரிசைதான். ஆனாலும் காலேஜ் சுவரில் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். பேராசிரியர் அனந்தநாராயணன் புதுப் பிரிவுக்குத் தலைவர். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். பூலோகத்தின் நெற்றித் திருநீற்றைப் பார்த்ததும் இங்கிலீஷை விட்டுவிட்டார்.

“வாங்கோ, உக்காருங்கோ. தமிழ்க்காராளா? பேஷ். ஏம்மா, உனக்கு எதுக்கு பேங்கிங்? பொண்கள்லாம் ஆர்ட்ஸ்தானே கேப்பா?”

வடிவு எழுந்து நின்றாள். ஸ்கூலில் பழக்கம்.

“எங்க தெருவுல அம்மா மாசச் சீட்டு நடத்துதாங்க சார். பொம்பளைங்கதான். ஒருத்தரும் ஏமாத்தினதில்ல. ஆனா அவங்களைக் கூட்டிக்கிட்டு பேங்குக்குப் போனேன்னா வாசல்லயே நின்னுடுவாங்க. உள்ள இருக்கிறவங்க ஏதாவது கேட்டுருவாங்கன்னு பயம். நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உக்காரணும் சார். எங்க தெருக்காரங்க உள்ள வந்தா, ‘வாங்க சித்தி’ன்னு நான் சொல்லணும்.”

பூலோகம் மகளை வாயைப் பிளந்து பார்த்தார். இவ்வளவு நாளாக இதை அவரிடம் அவள் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

அனந்தநாராயணன் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார்.

“நன்னா சொன்னே. புதுப் பிரிவுல பொண்களுக்குன்னு ரெண்டு இடம் ஒதுக்கி வெச்சிருக்கோம். ரெண்டும் காலி. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு லிஸ்ட் ஒட்டணும். யாரும் வரலேன்னா பையன்களுக்குப் போயிடும். உன்னை மாதிரி ஒருத்தி வரமாட்டாளான்னுதான் பாத்துண்டிருந்தேன். எங்கே, மார்க் ஷீட்டைக் குடு.”

பூலோகம் முடிச்சை மேஜை மேல் வைத்து, சாமியை நினைத்துக்கொண்டு அவிழ்த்தார்.

முதலில் வந்தது ஒரு தேங்காய். அப்புறம் இன்னொரு தேங்காய். மல்லிகைப் பூப்பந்து. குங்குமச் சிமிழ். அல்வாப் பொட்டலம். அடியில் அரக்குக் கலரில் ஒரு பட்டுச் சேலை.

ஒரு தேங்காய் உருண்டு போய் மை பாட்டிலில் முட்டி நின்றது.

“ஏன் சார்,” என்றார் அனந்தநாராயணன், “பொண்ணைக் காலேஜ்ல சேக்க வந்தேளா, எங்காத்துல சம்பந்தம் பேச வந்தேளா?”

பூலோகத்துக்கு வியர்த்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் குரலே வரவில்லை. வடிவுதான் சேலைக்கு மேல் இருந்த மஞ்சள் தடவிய காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். நம்பிராஜன், கனகவள்ளி என்று இரண்டு பெயர்.

“அப்பா! இது வானமாமலை மாமா வீட்டு முடிச்சு! இன்னிக்கு அவங்க பையனுக்குச் செம்பூர்ல நிச்சயதார்த்தம்ல!”

அவ்வளவுதான் விஷயம். ராசியான வீடு ஒன்று, நல்ல நேரம் ஒன்று. ஒரே காலண்டரைப் பார்த்து இரண்டு குடும்பமும் ஒரே டிரம் மேல் பரஸ்தானம் வைத்திருக்கிறார்கள். வானமாமலை வீட்டார் முதலில் வந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு செம்பூருக்குக் கிளம்பிவிட்டார்கள். வடிவின் மார்க் ஷீட்டு இந்நேரம் ஏதோ ஒரு தாம்பாளத்தில் வெற்றிலையோடு உட்கார்ந்திருக்கும்.

பூலோகம் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். அனந்தநாராயணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்கம்மாவும் பரஸ்தானம்னா உசிரை விடுவா. நான் எம்.காம். பரீட்சைக்குப் போறச்சே என் செருப்பை எதிராத்துல வெச்சுட்டா. வெறுங்காலோட போனேன். சிரிக்கறேனேன்னு தப்பா நெனச்சுக்காதேம்மா. ஆனா ரூல் ரூல்தான். மார்க் ஷீட் இல்லாம பேரை எழுத முடியாது. பன்னெண்டு அடிக்கிறதுக்குள்ள கொண்டு வந்தா இடம் உனக்கு. இல்லேன்னா வராண்டாவுல நிக்கிற பையனுக்கு.”

வடிவு அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, “சார், ஒரு போன் பண்ணிக்கலாமா?” என்றாள்.

*

தாராவியில் அந்தத் தெருவுக்கே ஒரு போன்தான். கலீலுல்லா பாயின் தோல் மண்டியில் இருந்தது. பாய் எடுத்தார். பூலோகம் கத்தினார். போன் இல்லாமலேயே தாராவிக்குக் கேட்டிருக்கும்.

“பாய்! செம்பூரு! மார்க் ஷீட்டு! வானமாமலை!”

“யாரு செத்துட்டாக?” என்று பதறினார் கலீலுல்லா.

வடிவு போனைப் பிடுங்கி விவரம் சொன்னாள். பாயின் மனைவி சுலைகா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், செருப்பைக்கூட மாட்டாமல் பேராச்சி வீட்டுக்கு ஓடினாள்.

பேராச்சி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுலைகா மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள்.

“பாய் கடையை விட்டு வர முடியாது மைனி. ஆள் அனுப்பலாம்னா, ஒருத்தனுக்கும் அந்தச் செம்பூர் வீடு தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.”

பேராச்சிக்குத் தெரியும். போன மாதம் வானமாமலை வீட்டார் பெண் பார்க்கப் போனபோது கூடப் போயிருந்தாள்.

எழுந்து வாசலுக்கு வந்தாள். படியில் நின்றாள். மழை. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பாதி ராகு காலம் இன்னும் பாக்கி இருந்தது.

சுலைகாவுக்கும் அவள் வழக்கம் தெரியும். தயங்கிக்கொண்டே, “மைனி, நேரம்...” என்றாள்.

பேராச்சி மனதில் என்னென்ன ஓடியது என்று நான் சொன்னால் நீளும். எல்லாம் என்னால் வந்தது என்று நினைத்தாள். தாவணியை வைத்திருந்தால் தாவணிதானே போயிருக்கும் என்று நினைத்தாள். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, “அம்மா, காலேஜு பெஞ்சு எப்படி இருக்கும்?” என்று மகள் கேட்டதை நினைத்தாள்.

“ராகு அவன் வேலையைப் பாக்கட்டும். நான் என் வேலையைப் பாக்குதேன்,” என்றாள்.

படியைத் தாண்டிவிட்டாள்! இருபது வருஷத்துக் கணக்கு ஒரே எட்டில் முடிந்தது. சுலைகா கையைத் தட்டிவிட்டாள்.

டாக்ஸி பிடித்தது சுலைகாதான். டாக்ஸிக்காரர் மழையில் செம்பூர் வர மாட்டேன் என்றார்.

“பையா, லட்கி கா காலேஜ் ஹை! ஜல்தி சலோ! நஹி தோ மேரா பத்துவா லகேகா!” பெண்ணின் காலேஜ் விஷயம், சீக்கிரம் போகாவிட்டால் என் சாபம் பிடிக்கும் என்று சுலைகா இந்தியில் ஒரு போடு போட்டாள். அவர் பயந்தாரோ, இரக்கப்பட்டாரோ, மீட்டரைத் தட்டிவிட்டார்.

*

செம்பூரில், ரிஃபைனரி வேலைக்காரர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில் ஒன்று. ராகு காலம் முடிந்ததும் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அதற்குள் தாம்பாளத்தை அடுக்கி வைப்போம் என்று வானமாமலையின் மனைவி சபையில் முடிச்சை அவிழ்த்தாள்.

தேங்காய், பழம், வெற்றிலை. சேலையைக் காணோம். ஒரு கவர்.

பெண்ணின் தகப்பனார் கவரைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

“சண்முகவடிவு. பெண். வயசு பதினேழு.” நிமிர்ந்தார். “யாருவே இந்தச் சண்முகவடிவு?”

சபை முழுக்க மாப்பிள்ளை நம்பிராஜனைத் திரும்பிப் பார்த்தது. பாவம், ரயில்வே பட்டறையில் வேலை செய்கிற பையன். ஏழாள் வேலையை ஒரே ஆளாகச் செய்வான். இப்போது தடுமாறி எழுந்து நின்றான்.

“எனக்குத் தெரியாது. அதாவது தெரியும். எங்க தெருதான். ஆனா தெரியாது.”

“தெரியுமா, தெரியாதா?”

அந்த நேரம் பார்த்து, மழையில் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்ற பேராச்சி, “அது எம் மவ!” என்று கூவினாள்.

கேட்க வேண்டுமா! பெண்ணின் தகப்பனார் எழுந்துவிட்டார். அத்தைமார்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். “மவளுக்கு நியாயம் கேக்க வந்திருக்கா,” என்று யாரோ பின்னாலிருந்து சொல்லியே விட்டார்கள். வானமாமலை தலையில் கை வைத்தார்.

நல்ல வேளை, சுலைகா முன்னால் வந்தாள். ஒரே மூச்சில் சொன்னாள். டிரம், முடிச்சு, குழாயடி, காலேஜ், பெண்களுக்கென்று காலியாக இருக்கிற இரண்டு இடம், தேங்காய், பன்னிரண்டு மணி. சொல்லி முடித்ததும் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. பெண்ணின் தகப்பனார் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்தது. நம்பிராஜன் மட்டும் சிரிக்கவில்லை, நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“எங்க சேலை?” என்றாள் வானமாமலையின் மனைவி.

“பேராசிரியர் மேஜையில பத்திரமா இருக்கு. அரை மணியில இதே டாக்ஸியில கொண்டு வாரேன்,” என்றாள் சுலைகா.

ஆனால் கவர் எங்கே? தாம்பாளத்தில் இல்லை. பேராச்சி வெற்றிலையைத் தள்ளித் தள்ளித் தேடினாள்.

உள்ளறைக் கதவு பாதி திறந்தது. கல்யாணப் பெண் கனகவள்ளி நின்றாள். தலை நிறையப் பூ. கையில் வடிவின் மார்க் ஷீட்டு.

“புக் கீப்பிங்ல எண்பத்தாறா அத்தை?” என்றாள்.

“ஆமாம்மா. குடு, தாயி, நேரமாச்சு.”

கனகவள்ளி கொடுக்கவில்லை. பேராச்சியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். வெளியே சுலைகா, “மைனி! டாக்ஸி!” என்று கத்திக்கொண்டிருந்தாள். பேராச்சி வெளியே வந்தபோது கவர் மார்போடு அணைத்தபடி இருந்தது. முகத்தில் ஒரு மாதிரியான கள்ளச் சிரிப்பு.

“என்ன சொன்னா கல்யாணப் பொண்ணு?” என்று டாக்ஸியில் கேட்டாள் சுலைகா.

“அங்க போய்ச் சொல்லுதேன். ஏ தம்பி, ஜல்தி!”

*

காலேஜில் பூலோகம் சும்மா இருக்கவில்லை. சும்மா இருக்கிற ஆளா அவர்? லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்த மராட்டிக் குமாஸ்தாவின் கை கொஞ்சம் மெதுவாக ஓடட்டும் என்று, மேஜை மேல் இருந்த அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

“டேஸ்ட் பண்ணுங்க சாப். திருநெல்வேலி மால்.” மால் என்றால் பம்பாயில் சரக்கு.

குமாஸ்தா ஒரு விள்ளல் போட்டார். கண்ணை மூடினார். அப்புறம் பியூனைக் கூப்பிட்டார். பியூன் இன்னொரு பியூனைக் கூப்பிட்டான். “க்யா பாத் ஹை, க்யா பாத் ஹை!” வராண்டாவில் வரிசையில் நின்ற பையனுக்கும் ஒரு விள்ளல் கிடைத்தது. வடிவு தலையில் அடித்துக்கொண்டாள்.

“அப்பா, அது நிச்சயதார்த்தத்து அல்வா!”

பூலோகம் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அடியில் நெய்க் கறைதான் மிச்சம்.

மணி பன்னிரண்டை நெருங்கியது. குமாஸ்தா விரலைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். அல்வா அல்வாதான், கடமை கடமைதான். அனந்தநாராயணன் கடிகாரத்தைப் பார்த்தார். வடிவு கடிகாரத்தைப் பார்க்கவில்லை; கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டில் ஒரு டாக்ஸி நின்றது.

இறங்கியது சுலைகா என்றுதான் முதலில் நினைத்தாள். சுலைகா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மழையில் ஓடி வந்தது அவள் அம்மா.

“அம்மா!” வடிவு படியில் இறங்கி ஓடினாள். “அம்மா, ராகு காலம்! நீ எப்படி...”

“பேசாதட்டி. இந்தா.”

வடிவு கவரை வாங்கவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. பேராச்சியின் ஈரச் சேலையில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்பினாள். பையன்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

பூலோகம் பக்கத்தில் வந்து மெதுவாக, “ஏ பேராச்சி, இன்னும் ராகு முடியலட்டி,” என்றார்.

“தெரியும்,” என்றாள் பேராச்சி.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினார். நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டி தலையைத் துவட்டுகிற ஆளே இல்லை அவர். இன்றைக்குத் துவட்டினார்.

உள்ளே குமாஸ்தா, லிஸ்டில், பெண்களுக்கான முதல் இடத்துக்கு நேராக எழுதினார்: பி. சண்முகவடிவு. அனந்தநாராயணன் கையெழுத்துப் போட்டார்.

“வகுப்பு காலம்பற ஏழு மணிக்கு. பத்து மணிக்கு முடிஞ்சிடும். ராகு காலம் வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கஷ்டம் குடுக்காது மாமி,” என்று பேராச்சியைப் பார்த்துச் சிரித்தார்.

பேராச்சியும் சிரித்தாள். மேஜையிலிருந்த சேலையையும் பூவையும் மறுபடி மஞ்சள் துணியில் வைத்துக் கட்டினாள். கட்டும்போதே கேட்டாள்.

“அல்வா எங்க?”

பூலோகம் கூரையைப் பார்த்தார்.

“கிங்ஸ் சர்க்கிள்ல நல்ல மிட்டாய்க் கடை இருக்கு. போற வழியில சுலைகா வாங்கிக்கிடட்டும்,” என்றார்.

குமாஸ்தா லிஸ்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒட்டப் போகிறார். அதற்கு முன்னால், பெண்களுக்கான இரண்டாவது இடத்தை அடித்து, வராண்டாவில் நின்ற பையனின் பெயரை எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்தார்.

“கொஞ்சம் இருங்கய்யா,” என்றாள் பேராச்சி.

கவருக்குள் கையை விட்டு இன்னொரு காகிதத்தை எடுத்தாள். அதுவும் மார்க் ஷீட்டுதான். போன வருஷத்தது. பூலோகம் எட்டிப் பார்த்தார். பெயரைப் படித்ததும் அவருக்கு மறுபடி வியர்த்தது.

“கனகவள்ளியா? அடி பாவி, இன்னும் அரை மணியில அந்தப் பிள்ளைக்கு நிச்சயதார்த்தம்! வானமாமலைக்குத் தெரியுமா? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அவுக அப்பாவுக்கு?”

“தெரியாது.”

அனந்தநாராயணன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். புக் கீப்பிங் எண்பத்தொன்று.

“மார்க்கெல்லாம் நன்னாயிருக்கு. ஆனா பொண்ணு எங்கே மாமி? பொண்ணு வராம நான் எப்படிப் பேரை எழுதறது?”

பேராச்சி வடிவின் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

“பொண்ணு பின்னால வருவா சார். அவ பரஸ்தானம் முன்னால வந்தாச்சு.”

அனந்தநாராயணன் தன் வெறுங்காலை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. குமாஸ்தாவைக் கூப்பிட்டு, “அந்த இடத்தை அடிக்காதேப்பா, அப்படியே இருக்கட்டும்,” என்றார்.